விட்டுப்போன ஆட்டத்தை மறுபடி பிடிப்பது எப்படி

ஒவ்வொரு வீரரின் சராசரியையும் மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கும், தூக்கத்தைத் தொலைத்து அடுத்த கண்டத்து ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் தேவைப்படாது. ஒரு காலத்தில் டி.வி.யில் ஆட்டம் ஓடினால் உட்கார்ந்து பார்த்தவர்கள், இறுதிப்போட்டி என்றால் மற்ற வேலையைத் தள்ளிவைத்தவர்கள், இப்போது யார் ஜெயித்தார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக எழுதுகிறேன்.

இளமையில் மைதான ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் புத்தகம் எழுதியவள் நான். ஆட்டத்தின் மீது எனக்கு இன்றும் தீராத பிரியம். அதனால்தான், என்னைச் சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போவது எனக்கு உறுத்துகிறது. வெறியர்கள் மட்டும் பார்க்கும் விளையாட்டு ஒரு சங்கமாகச் சுருங்கிவிடும். எப்போதாவது எட்டிப்பார்ப்பவர்கள் இருக்கும்வரைதான் அது ஊர்ப்பேச்சாக இருக்கும்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் கடைசியாக மனம் ஒன்றிப் பார்த்த ஆட்டம் எது? அதை நினைவுக்குக் கொண்டுவந்து, அன்றைக்கு உங்களுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்று எழுதிப்பாருங்கள். பெரும்பாலும் நான்கு விஷயங்கள் வரும்: ஆடுபவர் யார், தோற்றவருக்கு என்ன இழப்பு, எங்கே பார்க்கலாம், எப்போது முடியும். ஆர்வம் போனதற்கு வயதையும் செல்பேசியையும் காரணம் சொல்கிறோம். என் அனுபவத்தில், இந்த நான்கில் ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். எது போனது என்று தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயத்தில், அதாவது தோற்றவருக்கு என்ன இழப்பு என்பதில்தான் சேதம் அதிகம். ஒரு கணக்கைப் பாருங்கள். 1998 முதல் 2022 வரை கால்பந்து உலகக் கோப்பையில் 32 அணிகள். குழுச் சுற்றில் 48 ஆட்டங்கள். அவை முடிந்ததும் 16 அணிகள் வீட்டுக்குப் போகும். 2026 முதல் 48 அணிகள், குழுச் சுற்றில் 72 ஆட்டங்கள். வெளியேறுபவை? அதே 16 அணிகள்தான். முன்பு மூன்று ஆட்டங்களுக்கு ஓர் அணி வெளியேறியது. இப்போது நாலரை ஆட்டங்களுக்கு ஒன்று. ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கும் 2024-25 பருவத்தில் இதே திசையில் நடந்தது. முதல் கட்டத்தில் 144 ஆட்டங்கள் ஆடி, 36 அணிகளில் 12 மட்டும் வெளியேறும். ஐ.பி.எல். 2008-இல் 8 அணிகளும் 59 ஆட்டங்களுமாகத் தொடங்கியது. 2022-இல் அது 10 அணிகள், 74 ஆட்டங்கள் ஆனது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஒவ்வொரு அணியும் 82 ஆட்டங்கள் ஆடியபின், 30 அணிகளில் 20 அடுத்த கட்டத்துக்கான வாய்ப்போடு நிற்கின்றன.

ஆட்டம் கூடினால் ஒளிபரப்பு உரிமைக்கு விலை கூடும். நடத்துபவர்களுக்கு அது வருமானம். தீவிர ரசிகருக்கு அது விருந்து. எப்போதாவது பார்ப்பவருக்கோ, இன்று பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்ற தெளிவு பிறந்துவிடுகிறது. அந்தத் தெளிவு வந்தபின் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

வீரர்களுக்கும் அதே தெளிவு வந்துவிட்டது என்பதுதான் இன்னும் வேதனை. நீண்ட பருவத்தில் உடலைக் காக்க நட்சத்திர வீரர்கள் சில ஆட்டங்களில் ஓய்வெடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தசைநார் கிழிந்தால் வலி அவர்களுக்குத்தான். ஆனால் அந்த ஒருவரைப் பார்க்கவென்றே டிக்கெட் வாங்கிய குழந்தையிடம் யார் போய்ச் சொல்வது? 2023-24 பருவம் முதல் என்.பி.ஏ. முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று விதி வைத்தது. ஆட்டங்களைக் குறைக்க மட்டும் முன்வரவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

நீண்ட லீக்கை முழுவதும் பின்தொடர முயலாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு தொடர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் தெளிவான முடிவுத் தேதி இருக்கட்டும். டென்னிஸ் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவு நல்ல தொடக்கம். 128 பேர் தொடங்கி, ஏழு சுற்றுகளில் ஒருவர் மிஞ்சுவார். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெளியேறுகிறார். பின்கதை தெரியாதவர்கூட முதல் நாளிலேயே உள்ளே நுழைந்துவிடலாம்.

லீக்தான் வேண்டும் என்றால், பருவத்தின் முதல் பாதியை மனச்சாட்சி உறுத்தாமல் விட்டுவிடுங்கள். கடைசி ஐந்தாறு சுற்றுகள் இருக்கும்போது புள்ளிப் பட்டியலைத் திறங்கள். முதலிடத்தைவிட, கோடு விழும் இடத்தைக் கவனியுங்கள். அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறும் கடைசி இடம், அதற்குக் கீழே இரண்டு இடங்கள். கீழ்ப்பிரிவுக்கு இறக்கும் வழக்கம் உள்ள லீக் என்றால், அந்தக் கோட்டையும் பாருங்கள். கோட்டுக்கு இருபுறமும் இருக்கும் அணிகள் மோதும் ஆட்டம்தான் உங்களுக்கானது. இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். பதினேழாம் இடத்துக்கும் பதினெட்டாம் இடத்துக்கும் நடக்கும் போராட்டத்தில் இருக்கும் தவிப்பு, கோப்பை ஏறக்குறைய முடிவான பிறகு மேலே நடக்கும் ஆட்டங்களில் இருக்காது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கால்பந்துக் கிளப்புகள், பெரும்பாலான இடங்கள் தங்களுக்கே நிரந்தரம் என்ற ஏற்பாட்டோடு தனி லீக் அறிவித்தபோது, ரசிகர்கள் தெருவில் இறங்கி இரண்டே நாளில் அதைக் குலைத்தார்கள். விழும் பயம் இல்லாத இடத்தில் தங்களுக்கு வேலையில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எங்கே நுழைவது என்பதில் ஒரு திறமை இருக்கிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் காலையின் முதல் மணி நேரம், அல்லது 80 ஓவர் முடிந்து புதுப்பந்து எடுக்கும் வேளை. கால்பந்தில் அறுபதாவது நிமிடம்: கால்கள் தளர்ந்திருக்கும், மாற்று வீரர்கள் எழுந்து உடலைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். கூடைப்பந்தில் வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் இருந்தால் கடைசி ஐந்து நிமிடம். டென்னிஸில் ஒரு செட் 4-4 ஆனதும். கபடியில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளியின்றித் திரும்பினால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் வெளியே. அந்த மூன்றாவது ரெய்டுக்காக மட்டும் கண்ணை உயர்த்தினாலும் போதும். அந்த முப்பது விநாடியில் ஒரு முழு நாடகம் இருக்கிறது.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த வழி. இதை நான் பரிந்துரைத்த எவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தை எழுதினால் ஆட்டம் தெரியும். திரையில் வரும் எண்கள் கண்ணில் பட்டு மறைந்துவிடும். கையால் போட்ட புள்ளி மறக்காது. முறையான ஸ்கோர் புத்தகம் வேண்டாம். கிரிக்கெட் என்றால் ஒரே ஒரு பந்துவீச்சாளரைத் தேர்ந்தெடுத்து, அவர் போடும் ஒவ்வொரு பந்தையும் குறியுங்கள். ரன் இல்லையென்றால் ஒரு புள்ளி, ரன் என்றால் எண், விக்கெட் என்றால் டபிள்யூ. அதன் பக்கத்தில் இன்னொன்றும் சேருங்கள்: பந்து விழுந்தது பேட்ஸ்மேனுக்கு அருகிலா, தூரத்திலா. மூன்று ஓவர் எழுதினால் அந்த மனிதரின் யோசனை தெரியத் தொடங்கும். நான்கு பந்துகள் ஒரே இடத்தில் விழுந்து, ஐந்தாவது சற்றுத் தள்ளி விழுந்து, பேட்ஸ்மேன் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்துக்கு முன்னால் நான்கு பந்துகளாக ஒரு வலை பின்னப்பட்டது உங்கள் தாளில் இருக்கும். வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அந்த இன்பத்துக்கு ஈடாக வேறு எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கால்பந்தில் தாளை ஐந்து நிமிடக் கட்டங்களாகப் பிரித்து, பந்து எந்தப் பாதியில் அதிகம் இருந்தது என்று ஒரு கோடு போடுங்கள். கோல் விழுவதற்கு முன் இரண்டு மூன்று கட்டங்களாகக் கோடுகள் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே வருவதைப் பல முறை காணலாம். டென்னிஸில் முழுவதும் எழுதாதீர்கள். 30-30, டியூஸ் (40-40), பிரேக் பாயிண்ட் (சர்வ் போடுபவர் அந்த கேமை இழக்க ஒரே புள்ளி மிச்சமிருக்கும் தருணம்) ஆகியவற்றை மட்டும் குறித்து, அங்கே முதல் சர்வ் உள்ளே விழுந்ததா என்று எழுதுங்கள். ஆட்டம் எங்கே திரும்பியது என்று அந்தச் சிறு பட்டியல் காட்டிவிடும்.

ஆடுபவர் யார் என்பதே தெரியாமல் போனதுதான் உங்கள் சிக்கல் என்றால், அணியை விட்டு ஆளைப் பிடியுங்கள். ஐ.பி.எல். பெரிய ஏலங்களில் அணிகள் கலைந்து புதிதாகக் கூடுகின்றன. கால்பந்திலும் ஆண்டுக்கு இருமுறை வீரர்கள் கைமாறுகிறார்கள். சட்டையின் நிறத்தை நேசித்தவருக்கு உள்ளே இருப்பவர் அந்நியராகிவிடுகிறார். ஒரு வீரரை, அதிலும் இளம் வீரரை, தேர்ந்தெடுத்து அவர் எங்கே போனாலும் பின்தொடருங்கள். விக்கெட் கீப்பர், கோல் காப்பாளர், தடுப்பாட்டக்காரர் போன்ற ஒருவராக இருந்தால் நல்லது. புகழ் குறைவு, வேலை அதிகம்.

எங்கே பார்ப்பது என்ற தொல்லைக்கு நீங்களும் நானும் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு லீக் ஒரு செயலியில், அடுத்தது இன்னொன்றில், இறுதிப்போட்டி மூன்றாவதில் என்று சிதறிக் கிடக்கிறது. எல்லாச் சந்தாவும் கட்டுவது தீவிர ரசிகரின் வேலை. தேர்ந்தெடுத்த இரண்டு தொடர்கள் நடக்கும் மாதத்துக்கு மட்டும் கட்டி, முடிந்த அன்றே நிறுத்திவிடுங்கள். நடத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் கிரிக்கெட் தொடர் 2005-இல் இங்கிலாந்தில் கட்டணமில்லா டி.வி.யில் வந்தது, நாடே பேசியது. அடுத்த ஆண்டு முதல் சொந்த மண்ணின் டெஸ்ட் ஆட்டங்கள் நேரலையில் கட்டணச் சேனலுக்குள் போயின. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப்போட்டியைக் கட்டணச் சேனலோடு கட்டணமில்லா சேனலிலும் காட்டியபோது, ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிரிக்கெட் கசந்திருக்கவில்லை. கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

நேரத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். மக்களுக்குப் பொறுமை போய்விட்டது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. அமெரிக்க பேஸ்பால் 2023-இல் பந்து எறிபவருக்குக் கடிகாரம் வைத்தது: அடுத்த பந்தை எறிய, தளங்களில் ஓட்டக்காரர் யாரும் இல்லையென்றால் 15 விநாடி, நின்றால் 20. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் முந்தைய ஆண்டின் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. அந்தப் பருவத்தில் மைதானத்துக்கு வந்தவர்கள் 7 கோடியைத் தாண்டினார்கள். வெட்டப்பட்டது ஆட்டம் அல்ல, வெறும் காத்திருப்பு. ஐந்து நாள் டெஸ்டை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றும் நடக்காமல் நிற்பதைத்தான் எவரும் பார்ப்பதில்லை.

காணொளி மறுஆய்வும் அப்படிப்பட்ட ஒரு காத்திருப்பு. கோல் விழுந்ததும் குதிக்கலாமா என்று தயங்க வைத்தது அதன் பெரிய பாவம். நீங்கள் குதித்துவிடுங்கள். பிறகு ரத்தானால் ரத்தாகட்டும், குதித்தது குதித்ததுதான்.

சூதாட்டப் பந்தய விளம்பரங்கள் வரும்போது ஒலியை அணைத்துவிடுங்கள். குழந்தைகளோடு பார்க்கும் வீட்டில் இதைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்கிறேன். ஆட்டத்தின் நடுவே வெற்றி வாய்ப்பை விகிதமாகக் காட்டிக்கொண்டே இருந்தால், பார்ப்பவர் வீரரை மறந்து எண்ணைப் பார்க்கத் தொடங்குவார். பிரீமியர் லீக் கிளப்புகளே சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்ட விளம்பரத்தை 2025-26 பருவத்தோடு எடுத்துவிட 2023-இல் ஒப்புக்கொண்டன.

உங்கள் வீட்டில் ஒருவர் விலகிப்போய், நீங்கள் இன்னும் பார்ப்பவராக இருந்தால், அவரை அழைத்துவரும் பொறுப்பு உங்களுடையது. பழைய வீரர்களின் பெருமையை அவர்மேல் கொட்டாதீர்கள். விதியை அவர் கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர் உட்காரும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: "இவர்கள் இன்று தோற்றால் தொடர் முடிந்தது, அந்த ஏழாம் எண் சட்டைக்காரருக்கு இது கடைசி ஆண்டு." அவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை ஆட்டம் பார்த்துக்கொள்ளும். பாதியில் எழுந்து போனால் கோபிக்காமல் விடுங்கள். மறுநாள் முடிவைச் சொல்லி, அடுத்தது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தச் சேனலில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.