பெயர் தெரியாத சின்ன மீனை அடையாளம் காண

பாம்பன் கரையில் விரல் நீளத்தில் அறியாத மீன் ஒன்று சிக்கினால், நிறம் மங்குவதற்குள் அதை ஈரமான வெள்ளைத் தட்டில் கிடத்தி, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். வெறுங்கையால் இறுகப் பிடிக்க வேண்டாம். அது ஒரா என்னும் முள்மீனாகவும் இருக்கலாம்; ஒராவின் முதுகுத் துடுப்பில் 13 முட்களும் குதத் துடுப்பில் 7 முட்களும் உண்டு, குத்தினால் நஞ்சேறிக் கடுக்கும்.

நிறத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வாயும் வயிறுமே நல்ல சாட்சிகள். மூக்கு முன்துருத்தி, வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னே சென்றால் பெரும்பாலும் நெத்திலி இனம். வாய் சிறிதாக இருந்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக அடிவயிற்றில் விரலை ஓட்டும்போது ரம்பம்போல் உறுத்தினால் சாளை வகை.

வெள்ளிபோல் மின்னி, தட்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பது காரலாக இருக்கலாம். காரலில் பல இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், வாயை இடுக்கியால் மெல்ல முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும்: குழாய்போல் நீளும் அந்த வாய் மேல்நோக்கினால் செகுட்டர் பேரினம், நேராக முன்னே நீண்டு கோரைப்பற்களும் தெரிந்தால் காசா பேரினம், கோரைப்பல் இன்றிக் கீழ்நோக்கி வளைந்தால் லியோக்நாதஸும் அதன் நெருங்கிய உறவுகளும்.

உடலை உப்பிக்கொள்ளும் பேத்தை வகையாக இருந்தால், இனம் தெரிந்தாலும் சமைக்கக் கூடாது.