18க்கும் 21க்கும் இடையில்: தனியாகப் பயணம் செய்யும் இளையோர் வயது வரம்புகளைக் கையாளும் முறை

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில்தான், கொழும்பில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தனியாக எங்காவது போய்வர வேண்டும் என்ற ஆசை எழுகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்த ஒருவர் அதுவரை நல்லூருக்கும் திருகோணமலைக்கும் போயிருந்தாலும், அது பெரும்பாலும் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ குடும்பத்தோடு வாகனம் பிடித்துப் போய்வந்ததாகவே இருக்கும். முதற்தடவையாகத் தனியே புறப்படும்போதுதான் 18, 20, 21, 25 என்று வெவ்வேறு எண்கள் வெவ்வேறு வாசல்களில் நின்று மறிப்பது தெரியவருகிறது. 19 வயதிலிருந்து தனியாகப் பயணம் செய்துவருபவள் என்ற முறையில், அந்த வாசல்களைக் கடக்க நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்த இடத்தில் வயதைக் காரணம் காட்டி மறுத்தாலும், அந்த மறுப்பு யாருடையது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். சில மறுப்புகள் சட்டத்திலிருந்து வருகின்றன. அவற்றோடு வாதாடிப் பயனில்லை. சில மறுப்புகள் ஒரு கம்பனி தனக்கென்று வைத்திருக்கும் விதியிலிருந்து வருகின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் இவற்றிற்கு விலக்குக் கிடைப்பதுண்டு. மூன்றாவது வகை, வரவேற்பு மேசையில் இருப்பவரின் மனத்தில் அந்த நேரத்தில் தோன்றும் தயக்கம். நம் நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்கள் அதிகம் சந்திப்பது இந்த மூன்றாவது வகையைத்தான். ஏனெனில் பராயமடையும் வயது, அதாவது சட்டத்தின் கண்ணில் ஒருவர் பெரியவராகும் வயது, 1989ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. 18 நிரம்பியவர் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யலாம். அறை எடுப்பதும் ஓர் ஒப்பந்தம்தான்.

சட்டமே மறுக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவோ புகையிலைப் பொருளோ விற்கக் கூடாது. ஆகவே மதுச்சாலையோடு சேர்ந்த தங்குமிடங்கள் சில 21க்குக் குறைந்தவர்களை ஏற்கத் தயங்குவதை நீங்கள் காணலாம். அப்படிப்பட்ட இடத்தைத் தவிர்த்து, உணவகம் மட்டுமுள்ள விடுதியைத் தேடினால் அந்தச் சிக்கலே எழாது. கார் ஓட்டுவதற்கான சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தென்கரையில் அனுமதிப்பத்திரத்தைக் கேட்காமலே மோட்டார் சைக்கிளை வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விபத்து என்று ஒன்று நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

அறை கிடைப்பது எப்படி

நான் முதன்முதலாக வயதினால் மறுக்கப்பட்டது கண்டியில். இணையத்தில் முன்பதிவு செய்து, பணமும் கட்டி, மழைக்குள் பின்னேரம் ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முகாமையாளர் என் அடையாள அட்டையைக் கையில் வாங்கினார். பெயரைப் பார்க்கவில்லை, இலக்கத்தின் தொடக்கத்தில் பெருவிரலை வைத்து அப்படியே நகர்த்திக்கொண்டு போனார். பிறகு, “தனியாகவா வந்தீர்கள்? வீட்டுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அம்மாவின் இலக்கத்தைக் கொடுக்கிறேன், நீங்களே பேசுங்கள் என்றேன். அட்டையை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு, தனியாக வரும் பிள்ளைகளுக்கு அறை கொடுப்பதில்லை என்று முடித்துவிட்டார். அந்த விதி முன்பதிவுப் பக்கத்தில் எங்கும் இருக்கவில்லை. அன்றிரவு சித்தியின் சிநேகிதி ஒருவரின் வீடு கட்டுகஸ்தோட்டையில் இருந்ததால் தப்பினேன். அந்த வீடு இல்லாதிருந்தால் இருட்டிய பிறகு பஸ் நிலையத்தில் நின்றிருப்பேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அவர் அட்டையில் எதைப் பார்த்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 12 இலக்கங்கள் கொண்ட தேசிய அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளெண்ணோடு 500 கூட்டப்படும். 2007 ஜனவரி 15ஆம் திகதி பிறந்த ஆணின் எண் 2007015 என்றும் பெண்ணின் எண் 2007515 என்றும் தொடங்கும். பழகிய கண் உங்கள் வயதையும் நீங்கள் ஆணா பெண்ணா என்பதையும் ஒரு நொடியில் வாசித்துவிடும். ஆகவே வயதை ஒளிப்பதில் பொருளில்லை. வயதை நீங்களே முந்திக்கொண்டு சொல்வதுதான் வழி.

கண்டி அனுபவத்துக்குப் பிறகு, பணம் கட்டுவதற்கு முன்னரே தங்குமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன். அது இவ்வளவுதான்: “எனக்கு 19 வயது. இலங்கைப் பிரஜை. தனியாக வருகிறேன். இரண்டு இரவு தங்குவேன். மாலை நான்கு மணிக்கு முன் வந்துவிடுவேன். அடையாள அட்டை காட்டுவேன். இந்த வயதில் தனியாகத் தங்க உங்கள் விடுதியில் தடை ஏதும் உண்டா? ஆம் அல்லது இல்லை என்று எழுதி உறுதிப்படுத்துங்கள்.” இதில் “இலங்கைப் பிரஜை” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்த்து நடத்தப்படும் ஹொஸ்டல்கள் சில, உள்ளூர் இளைஞர்களைச் சேர்ப்பதில்லை. சொந்த நாட்டில் இப்படி ஒரு மறுப்பைக் கேட்பது மனத்தை நோகச் செய்வதுதான். ஆனாலும் அதை வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் வாசிப்பது, பையைச் சுமந்துகொண்டு வாசலில் நின்று கேட்பதைவிட மேல். கிடைத்த பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் ஆள் மாறியிருந்தாலும் எழுத்தில் உள்ள உறுதியைக் காட்டியதும் பேச்சு மாறிவிடும்.

முன்பதிவுத் தளங்களுக்கும் வயது விதிகள் உண்டு. எயார்பிஎன்பியில் கணக்குத் திறக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேறொருவர் கணக்கில் பதிவு செய்து நீங்கள் போய்த் தங்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் வேறாக இருப்பது, வயதைவிடப் பெரிய சந்தேகத்தை எழுப்பும்.

போக்குவரத்தில் இவ்வளவு தொல்லை இல்லை. புறக்கோட்டையிலிருந்து புறப்படும் பஸ்களில் யாரும் உங்கள் வயதைக் கேட்கப் போவதில்லை. புகையிரத ஆசன முன்பதிவுக்கு அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள். பயணத்தின்போது அந்த அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டும். வந்து சேரும் நேரத்தை மட்டும் கவனியுங்கள். கோட்டையிலிருந்து காலையில் புறப்படும் வண்டியைப் பிடித்து, வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பகல் மூன்று மணிக்கு அறை இல்லை என்றால் இன்னோர் இடம் தேடலாம். இரவு எட்டு மணிக்குத் தேடுவது வேறு கதை.

வீட்டின் சம்மதம்

எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத, ஆனால் மிக உறுதியான வயது வரம்பு நம் வீடுகளில் இருக்கிறது. 18 ஆகிவிட்டது என்று சட்டத்தைக் காட்டி வீட்டில் வாதாடியவர்கள் வென்றதை நான் கண்டதில்லை. பெற்றோரின் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2007 ஜூனில், கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த அம்மா ஒருவருக்கு “லொட்ஜ்” என்ற சொல்லே நெஞ்சைப் பிசையும். அவருடைய தயக்கத்தைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்காமல், அதற்கு மதிப்புக் கொடுத்துப் பேசத் தொடங்குங்கள்.

என் வீட்டில் பலித்தது படிப்படியான முறை. முதலில் காலையில் காலிக்குப் போய் மாலையில் திரும்பினேன். அடுத்ததாக மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டில் ஓர் இரவு தங்கினேன். போன வழியும் வந்த வழியும் தனியாகத்தான். மூன்றாவது முறைதான் விடுதி. ஒவ்வொரு தடவையும் தங்குமிடத்தின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனேன். கேட்டால்தான் சொல்வது என்றில்லாமல், குறித்த நேரத்தில் நானே அழைத்தேன். அந்தத் தாளே அம்மாவின் மனத்தை மெல்ல மாற்றியது. அவர் இப்போது தாளைக் கேட்பதில்லை. நான்தான் பழக்கத்தில் எழுதி ஒட்டுகிறேன்.

16, 17 வயதினர் இந்த முறையை உறவினர் வீடுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெளிநாடு போக வேண்டியிருந்தால் பெற்றோர் இருவரின் சம்மதக் கடிதத்தைச் சத்தியக்கடதாசியாகவே செய்து, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே செய்விக்க வேண்டும். தனியாக வரும் சிறுவர்களுக்கான விதி விமானக் கம்பனிக்குக் கம்பனி மாறும் என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் அந்தக் கம்பனியிடமே கேட்டுவிடுங்கள்.

கட்டுநாயக்காவைத் தாண்டும்போது

இளம் பெண்களுக்கு இந்தப் பகுதி முக்கியமானது. சுற்றுலா விசாவில் வளைகுடா நாடுகளுக்குப் போய் வீட்டுவேலையில் சிக்கிக்கொள்ளும் பெண்களைக் காப்பதற்காக, தனியாகப் போகும் இளம் பெண்களிடம் விமான நிலையத்தில் கூடுதலாக விசாரிப்பதுண்டு. வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வதற்கான குறைந்த வயது 2022இல் 21 ஆக நிர்ணயிக்கப்பட்டது. உங்கள் வயது அதற்குக் கீழே என்றால் கேள்விகள் இன்னும் நீளலாம். கோபப்படத் தேவையில்லை. திரும்பிவரும் பயணச்சீட்டு, தங்குமிட உறுதி, பல்கலைக்கழக அல்லது வேலையிடக் கடிதம், செலவுக்கான பணம் இருப்பதைக் காட்டும் வங்கிக் கூற்று ஆகிய நான்கையும் அச்சிட்டு ஒரே உறையில் வைத்திருங்கள். கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டு நிற்பவரைவிட, தாளை எடுத்து நீட்டுபவருக்கு வரிசை விரைவாக நகரும்.

சென்னைக்குப் போகும் நம்மவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மொழி ஒன்றாக இருந்தாலும் அங்கே நாம் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் தங்கினால், இந்தியத் தங்குமிடங்கள் 24 மணி நேரத்துக்குள் அதை அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சிறிய லொட்ஜ்கள் உங்களைத் திருப்பி அனுப்பும். அதை வயதினால் வந்த மறுப்பு என்று நினைத்து மனம் தளர வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டை ஏற்பீர்களா என்ற கேள்வியையும் முன்னே சொன்ன செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

மற்ற நாடுகளில் பராய வயதும் மதுவுக்கான வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜப்பானில் பராய வயது 2022 ஏப்ரலில் 18 ஆகக் குறைக்கப்பட்டது. மதுவுக்கும் புகைத்தலுக்கும் 20 தொடர்கிறது. தாய்லாந்தில் மதுவுக்கு 20. சிங்கப்பூரில் மதுவுக்கு 18 என்றாலும் புகையிலைக்கு 21. நீங்கள் குடிப்பவரோ இல்லையோ, இந்த எண்கள் உங்களுக்கும் வேண்டியவை. இரவில் இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களின் வாசலில் இவையே நுழைவு வயதாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 21க்குக் குறைந்தவர்களுக்கு அறை கொடுக்காத ஹோட்டல்களும், 25க்குக் குறைந்த சாரதிகளிடம் கூடுதல் கட்டணம் அறவிடும் வாடகைக் கார்க் கம்பனிகளும் உண்டு. வெளிநாட்டில் வண்டி ஓட்ட எண்ணினால், கொழும்பு 3இல் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்திரம் கம்பனியின் வயது விதியை மாற்றாது. 18இலிருந்து 20 வரையுள்ள வயதில் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் போவதே பணத்துக்கும் மன நிம்மதிக்கும் நல்லது என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். ஹோட்டல்கள் பல, முற்பணத்தைப் பிடித்துவைக்கத் தங்குபவரின் பெயரிலேயே கடனட்டை கேட்கும்; வருமானமில்லாத மாணவருக்கு வங்கி அதை எளிதில் கொடுக்காது. பெற்றோரின் கணக்கிலிருந்து உங்கள் பெயரில் துணை அட்டை எடுக்க முடியுமா என்று வங்கியில் விசாரியுங்கள். முடியாவிட்டால், உங்கள் பற்றட்டையையோ காசையோ முற்பணமாக ஏற்பார்களா என்பதையும் எழுதிக் கேளுங்கள். அட்டை வெளிநாட்டில் இயங்குமா என்பதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே வங்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உள்நாட்டில் போகும்போது பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்கள் உதவி இலக்கம் 1938, 18க்குக் குறைந்தவர்களுக்கான சிறுவர் பாதுகாப்பு இலக்கம் 1929 ஆகியவற்றையும் வீட்டு இலக்கங்கள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை உறைக்குள் மடித்து வையுங்கள். கைத்தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டாலும் அந்தத் தாள் உங்களிடம் இருக்கும்.