அம்மாவின் முழங்காலும் போனின் பேட்டரியும்

அல்சூரில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. வீடு திரும்பிய பிறகு ஆஸ்பத்திரி ஆப்பில் தினமும் வலியை 0 முதல் 10 வரை குறித்து, தையல் போட்ட இடத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். (கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், அப்போது ஆப்பெல்லாம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுதான்.)

மூன்றாம் நாளிலிருந்து நினைவூட்டல் வரவில்லை. ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். ம்ஹூம். கடைசியில் பார்த்தால், பேட்டரி சேமிப்பு வசதி அதைத் தூங்க வைத்திருந்தது! செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கினேன். சரியாகிவிட்டது.

ஆனால் அம்மா எவ்வளவு வலித்தாலும் 2 தான் போடுவார். "டாக்டர் திட்டுவாரேப்பா."

"திட்ட மாட்டாரும்மா, மாத்திரையை மாற்றத்தான் கேட்கிறார்."

அன்று 6 போட்டார். மாலையே நர்ஸ் கூப்பிட்டார்.