கறுவா எண்ணெயின் கூறுகளையும் நொதியத் தடுப்பாற்றலையும் சோதிக்கும் முறை

கொழும்பு புறக்கோட்டையில் கறுவா எண்ணெய் வாங்குபவர், அது இலையிலிருந்து எடுக்கப்பட்டதா பட்டையிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். இலை எண்ணெயில் யூஜினோலும், பட்டை எண்ணெயில் சின்னமல்டிகைட்டும், வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரமும் மேலோங்கி நிற்பதால், ஒரே மரத்தினவாயினும் ஆய்வுக்கூடத்தில் இவை மூன்று வெவ்வேறு பொருள்களே.

தாமே வடித்தெடுப்பது இன்னும் நம்பகமானது. உலர்ந்த இலையைக் கிளெவெஞ்சர் கருவியில் (நீராவியோடு வரும் எண்ணெயைக் குளிர்வித்துப் பிரித்துச் சேகரிக்கும் கண்ணாடி வடிகலம்) நீருடன் சுமார் 3 மணி நேரம் கொதிக்கவிடலாம். இலை எண்ணெய் நீரினும் கனமானது என்பதால், கனமான எண்ணெய்க்குரிய சேகரிப்புக் குழாயையே பொருத்த வேண்டும். கிடைத்த எண்ணெயை நீரற்ற சோடியம் சல்பேற்றால் உலர்த்தி, ஒளிபுகாத சிமிழில் குளிரில் வைக்கவும்.

கூறுகளைப் பிரித்தறிய வாயு நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும் இணைந்த கருவி உதவும். ஒவ்வொரு கூறுக்கும் கருவியின் கணினி காட்டும் பெயரை அப்படியே ஏற்காமல், அல்கேன் எனும் ஐதரோகாபன்களின் தொடரைக் கொண்டு கணித்த தங்கற் சுட்டெண்ணோடு (கூறு கருவியில் தங்கும் நேரத்தைக் குறிக்கும் எண்) ஒப்பிடுவது அவசியம்.

நரம்புச் சைகைகளைக் கடத்தும் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் அசற்றைல்கோலினெஸ்ரறேசு எனும் நொதியத்தை எண்ணெய் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க, 1961இல் வெளியான எல்மன் முறை இன்றும் போதுமானது: நொதியம் அசற்றைல்தயோகோலினைப் பிளந்து வெளிவிடும் தயோகோலின், எல்மன் வினைபொருளுடன் சேர்ந்து தரும் மஞ்சள் நிறத்தை 412 நனோமீற்றரில் அளந்து, இந்நொதியத்தைத் தடுக்கும் மருந்தான கலன்றமைனுடன் ஒப்பிட வேண்டும். எண்ணெயைக் கரைக்க டைமெதைல் சல்பொட்சைட்டைத் தவிர்ப்பது நல்லது. அதுவே இந்நொதியத்தைத் தடுக்கும். பட்டை எண்ணெயில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அதன் அல்டிகைட்டுகள் நொதியத்தைத் தொடாமலே நிறத்தைக் குறைத்துப் பொய்யான தடுப்பைக் காட்டக்கூடும்; ஆகவே நொதிய வினை முடிந்த பின்னர் எண்ணெயைச் சேர்த்து, அப்போதும் நிறம் குறைகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.