பழைய கீபோர்டு ஏலம்: முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவிலிருந்து ஏலத்தில் எடுத்த ஐபிஎம் கீபோர்டு வந்து சேர்ந்த அன்று பெட்டியை ஆசையாகப் பிரித்தேன். 122 கீ, மேலே இரண்டு வரிசையாக 24 எஃப் கீ. ஒயரின் நுனியில் டெலிபோன் பிளக்கின் அண்ணன் மாதிரி ஒன்று. "எதுல சொருகப் போறீங்க, ரவுட்டர்லயா?" என்று கேட்டார் மனைவி.

அது டெர்மினல் கீபோர்டு. அலுவலகப் பெருங்கணினியோடு பேசப் பிறந்தது. நம் கணினியில் ஓட வேண்டுமானால் மைக்ரோ கண்ட்ரோலர் (சின்ன கணினிச் சிப்) வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். விற்றவர் ஒளிக்கவில்லை, கடைசிப் படத்தில் பிளக் தெளிவாகவே இருந்தது. முன்பக்க அழகில் மயங்கி நான்தான் அதுவரை போகவில்லை.

பிளக் பொருந்திவிட்டால் போதும் என்று நினைப்பதும் இதே ரகம்தான். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த 83 கீ கீபோர்டுக்கும் பின்னால் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் கீபோர்டுக்கும் ஒரே வட்டமான ஐந்து பின் பிளக். பேசும் மொழி மட்டும் வேறு. பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் மலிவு அடாப்டர் அங்கே உதவாது. பெரும்பாலும் சுருள்வில் வைத்து வந்த ஐபிஎம்மின் மாடல் எம் கீபோர்டை யுஎஸ்பியில் ஓட்டவும் உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும்.

ஐபிஎம் முத்திரை இருப்பதெல்லாம் மாடல் எம் அல்ல, மாடல் எம் எல்லாமே சுருள்வில் வைத்ததும் அல்ல. பிற்காலத்தில் ரப்பர் டோம் (ரப்பர் குமிழ்) வைத்தும் அதே பெயரில் விற்றார்கள். பின்பக்க லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: பார்ட் நம்பர் (1391401 தான் பலரும் தேடுவது), தயாரித்த தேதி இரண்டும் அதில் இருக்கும். ஒரு கீயை முழுதாகக் கழற்றிக் காட்டச் சொன்னால் உள்ளே சுருள்வில் தெரியவேண்டும். லேசாக ஆட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். கடகடவென்றால் உள்தகட்டைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் உடைந்திருக்கலாம். துளை போட்டுச் சின்ன திருகு மாட்டிச் சரிசெய்யலாம், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மஞ்சள் நிறத்துக்கு மட்டும் பயப்படாதீர்கள். மாடல் எம்மின் கீகேப் (கீயின் மேல்மூடி) பிபிடி பிளாஸ்டிக், அது மஞ்சளாவதில்லை.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017இல் மூடுமுன் இதையெல்லாம் கையில் தூக்கிப் பார்த்து வாங்கலாம். இப்போது படத்தை நம்பித்தான் பணம், அதிலும் ஏலத்தொகை பாதிக் கதைதான். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. 60, 30, 15 செண்டிமீட்டர் பெட்டியைப் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 5.4, உள்ளே இரண்டேகால் கிலோ இருந்தாலும் 5.4 கிலோவுக்குத்தான் பில். 400 வெள்ளிக்குள் என்றால் வரி இல்லை என்பது பழைய கதை. 2023 முதல், இங்கே பதிந்துள்ள வெளிநாட்டுத் தளங்கள் பணம் கட்டும்போதே பொருள் சேவை வரியைப் பிடிக்கின்றன, இப்போது 9 விழுக்காடு. 120 வெள்ளிக்கு எடுத்து அனுப்ப 90 ஆனால், கையைவிட்டுப் போவது 228.90.

ஈபேயில் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். அமெரிக்க மேற்குக் கரையின் ஞாயிறு மாலை ஏலம், நமக்குத் திங்கள் காலை எம்ஆர்டி ரயில் நெரிசலில் முடியும். உச்சத் தொகையை முந்தின இரவே போட்டுவிட்டுத் தூங்குங்கள். யாஹூ ஜப்பான் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் ஏற்றினால் பெரும்பாலும் ஐந்து நிமிடம் நீளும். அங்கே கடைசி நேர அவசரம் வீண்.

ஜெயித்ததும் விற்றவருக்கு நான் அனுப்பும் செய்தி ஒன்றே: ஒயரைக் கீகள் மேல் சுற்றாதீர்கள், பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வையுங்கள்.