கப்பலில் நாட்டவர் பெயர் சொல்லும் முறை

குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் கப்பல் வேலைக்குச் செல்பவர்கள், உடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் நாட்டவரின் தகலாக் மொழியில் பிற நாட்டவரைக் குறிப்பிட விரும்பினால், முதலில் சொல்லின் ஈற்றைக் கவனிக்க வேண்டும். 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியின் தடமாக, ஆண் 'அமெரிக்கானோ', பெண் 'அமெரிக்கானா' என்றே சொல் முடிகிறது. ஆங்கிலத்தில் அமெரிக்கன் என்பது இருபாலருக்கும் பொது, ஆயினும் ஃபிலிப்பினோ, ஃபிலிப்பினா என்ற வேறுபாடு அங்கும் வழங்குகிறது. ஜப்பானியரைக் குறிக்கும் 'ஹப்போன்' என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும். முதல் அசையில் அழுத்தினால் பிற்பகல் என்று பொருளாகிவிடும்.

இந்தியரை 'பும்பாய்' என்பதும் உண்டு. பம்பாயிலிருந்து வந்த அச்சொல்லில் ஏளனம் கலந்திருப்பதால், ஊர்ப்பெயருக்கு முன் 'தகா' சேர்த்து, 'தகா-கன்னியாகுமரி அக்கோ', அதாவது நான் கன்னியாகுமரிக்காரன், என்று அறிமுகம் செய்துகொள்வதே மேல். தமிழ்க் காதுக்கு அந்த முன்னொட்டு சற்றுத் தகாததாக ஒலித்தாலும் பாதகமில்லை.