மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளின் எலும்பு வலுவை மதிப்பிடும் முறை

மதிப்பீட்டை ஸ்கேனிலிருந்து அல்ல, குழந்தையின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். நிற்கவோ நடக்கவோ இயலாமை, ஊட்டக்குறைவு, வெயில் படாத வாழ்க்கை, ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகளின் நீண்டகாலப் பயன்பாடு, முந்தைய எலும்பு முறிவு ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வலியைச் சொல்ல இயலாத குழந்தை உடை மாற்றும்போது திடீரென அழத் தொடங்கினால், வேறு காரணம் தேடுமுன் எலும்பு முறிவின் அறிகுறியாகக் கை கால்களில் வீக்கமும் சூடும் உள்ளனவா என்று தொட்டுப் பார்ப்பது நல்லது.

இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு உருவாக்கத்தோடு தொடர்புடைய நொதி), வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் (இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் இவை இயல்பாக இருப்பதால் மட்டும் எலும்பு வலுவாக இருப்பதாகக் கொள்ள முடியாது.

எலும்படர்த்தியை அளக்க டெக்ஸா (DXA) எனும் குறைந்த கதிர்வீச்சு எக்ஸ்ரே ஸ்கேன் பயன்படுகிறது. மூட்டு இறுக்கம், முதுகு வளைவு, அறுவை சிகிச்சையில் பொருத்திய உலோகம் ஆகியவற்றால் இடுப்பிலும் முதுகிலும் அளவீடு பிழைபடும் இடங்களில், தொடை எலும்பின் கீழ்முனையைப் பக்கவாட்டில் அளப்பதே பொருத்தம். இளம் பெரியவர்களின் சராசரியோடு ஒப்பிடும், பெரியவர்களுக்கான டி மதிப்பைக் (T-score) குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதே வயது, பாலினத்தவரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று காட்டும் இசட் மதிப்பை (Z-score), குள்ளமான குழந்தையெனில் உயரத்துக்கேற்பத் திருத்திப் படிக்க வேண்டும்.

இசட் மதிப்பு -2 அல்லது அதற்குக் கீழே இருப்பது மட்டுமே எலும்புப்புரை (எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நோய்) ஆகிவிடாது. அத்துடன் 10 வயதுக்குள் 2 அல்லது 19 வயதுக்குள் 3 நீள எலும்பு (கை கால்களின் நீண்ட எலும்பு) முறிவுகளாவது ஏற்பட்டிருக்க வேண்டும். பலத்த அடியோ அவ்விடத்தில் வேறு நோயோ இன்றி முதுகெலும்பு நசுங்கியிருந்தால் அடர்த்தி எதுவாயினும் நோய் உறுதி. அது வலியின்றியும் நிகழுமாதலால், ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு முதுகின் பக்கவாட்டு எக்ஸ்ரேயைத் தவிர்க்காதீர்கள்.